கடைசிப் பன்னிரண்டு நிமிடங்கள்

"நாப்பத்தொண்ணு, அக்கா" என்றான் தம்பி தொலைபேசியில்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தவன். இன்று அவள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஸ்டுடியோவை நடத்துகிறவன். அன்று, சனிக்கிழமை மதியம், அவள் தயாரித்த படத்துக்குச் சோதனைக் காட்சி நடந்தது. தெருவில் போகிற இருநூறு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தைக் காட்டி, அட்டையில் அபிப்பிராயம் எழுதி வாங்குவார்கள். நூற்றுக்கு அறுபது பேராவது இந்தப் படத்தை அடுத்தவருக்குச் சிபாரிசு செய்வோம் என்று எழுத வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் படத்தின் முடிவை மாற்ற ஸ்டுடியோவுக்கு உரிமை உண்டு என்பது ஒப்பந்தம். அந்த ஷரத்தை எழுதியதே அவள்தான். ஸ்டுடியோவில் இருந்த காலத்தில், அடுத்தவர்களுடைய படங்களுக்காக எழுதியது.

"பத்து நாள்ல முடிவைத் திரும்ப எடுத்துக் குடுத்துடுங்கக்கா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழட்டும், நாலு வரி வசனம் வெச்சா போதும். நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததுதானே?"

"சொல்லிக் குடுத்தேன், இல்லேங்கல. அட்டை எல்லாத்தையும் அனுப்பி வை."

"அட்டையா? எதுக்குக்கா? சுருக்கம் அனுப்பறேன், ஒரே பக்கம்."

"சுருக்கத்தை நீயே வெச்சுக்க. எனக்கு அட்டை வேணும்."

இருபத்து மூன்று வயதில் அந்த ஸ்டுடியோவின் கதைப் பிரிவில் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். ஆள் சின்னதாக இருந்தாலும் கண் பெரிது. தட்டச்சு செய்கிற கதை எங்கே படுத்துவிடுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பாள். முதலில் முறைத்தார்கள், பிறகு கேட்டார்கள், அப்புறம் அவளைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று ஆனது. முப்பத்தொன்றாம் வயதில் அவள் செய்த காரியம்தான் அவளை மேலே தூக்கியது. அதுவரை சோதனைக் காட்சி முடிந்ததும் ஜனங்கள் காலில் வெந்நீர் ஊற்றியதுபோல வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடிவிடுவார்கள். இருநூறு பேர் வந்தால் நாற்பது அட்டை தேறினால் அதிகம். அவள் ஒரு விதி எழுதினாள். படம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போதே வரிசை வரிசையாக அட்டையும் பென்சிலும் கொடுத்துவிட வேண்டும். அட்டை நாற்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறாக ஏறியது. முதலாளி கைதட்டினார். விதிப் புத்தகத்தில் அது ஏழாவது விதி ஆனது. நாற்பது வயதில் அவள் உதவித் தலைவர், நாற்பத்தெட்டில் தலைவர்.

முடிவு சரியில்லை என்று அட்டை சொன்னால் யார் எடுத்த படமானாலும் முடிவைத் தூக்கிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் கத்தரி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஐம்பத்தைந்தில் ஒரு பூங்கொத்தும் கண்ணாடிப் பலகையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி பேரப்பிள்ளைகளோடு காலம் தள்ளுவாள் என்று நினைத்தவர்கள் அவளை அறியாதவர்கள். சாவி செய்கிற கடையின் மாடியில் இரண்டு அறைகளைப் பிடித்து, வாசலில் பலகை மாட்டி, தயாரிப்பாளர் ஆகிவிட்டாள்.

முதல் படத்துக்கு அவள் தேடிப் பிடித்த இயக்குநரை ஊரே சோப்பு டைரக்டர் என்று சொல்லும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, அதன்பின் சோப்பு விளம்பரமாக எடுத்துத் தள்ளியவர். அந்த ஒரே படத்தின் முடிவைத் தூக்கியதும் அவள்தான். முப்பத்தெட்டு வாங்கியிருந்தது. அன்று அவர் அவளுடைய மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சினார். "அட்டை பொய் சொல்லாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மாற்றிய முடிவோடு படம் மூன்று நாள் ஓடியது. ஆனால் அதன் முதல் ஒரு மணி நேரத்தை அவளால் மறக்கவே முடியவில்லை. அதனால்தான் போய்க் கேட்டாள். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். முடிவில் கை வைக்கக் கூடாது. வாக்குக் கொடுத்தாள். பிறகு அவளுடைய பழைய ஸ்டுடியோவைத் தவிர வேறு யாரும் படத்தை வெளியிட முன்வராதபோது, அந்த ஷரத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, "அது சும்மா ஒரு சம்பிரதாயம்" என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அறுபது வராமல் எங்கே போகும் என்ற தைரியம்தான்.

சலவைக் கடை நடத்தும் அக்கா, தங்கை இருவரின் கதை அது. ஒன்பது வருஷம் பேசாமல் பிரிந்து போயிருந்த தங்கை கடைசியில் திரும்பி வருகிறாள். இருவரும் பேசுவதில்லை. பெரிய படுக்கை விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு எட்டு கிட்டே வருகிறார்கள். கடைசி மடிப்பில் அக்காவின் கை தங்கையின் கையைத் தொட்டு, விடாமல் அப்படியே நிற்கிறது. ஒரு வார்த்தை கிடையாது. பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் மட்டும்தான்.

ஞாயிறு காலை அட்டைப் பெட்டி வந்தது. அவளும் கணவரும் சாப்பாட்டு மேஜையில் கொட்டிப் பிரித்தார்கள். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பத்து நாலு வருஷம் விடைத்தாள் திருத்தியவர். எதைப் படிக்கக் கொடுத்தாலும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

"அழகா எழுதியிருக்காங்க பாரு உன் ரசிகர்கள். 'கடைசியில் வெறும் மெஷின் சத்தம்.' இன்னொருத்தர், 'மெஷின் சத்தத்தோட படம் நின்னுபோச்சு.' இந்தம்மா, 'தங்கச்சி வந்தாளா இல்லையா?' ஏம்மா, அவ வந்து பத்து நிமிஷம் நிக்கறாளே!"

"கிண்டல் பண்ணாம படிங்க."

வாத்தியார் ஒரு அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னொன்றை எடுத்தார். பிறகு பத்து இருபதைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார்.

"இங்க பாரு. கோடு போட்டுக் குடுத்தும் ஒரு வரியாவது கோட்டுமேல நிக்குதா? எழுத்துமேல எழுத்து ஏறியிருக்கு. இந்த ஆளு அட்டையைத் தாண்டிப் பென்சிலைக் கொண்டுபோயிட்டான். பரீட்சை நடுவுல கரண்ட் போனா பசங்க இப்படித்தான் எழுதுவாங்க. இது இருட்டுல, மடியில வெச்சு எழுதின எழுத்து."

"இருட்டுலதான். படம் முடியறதுக்கு முன்னாடியே குடுத்துடறோமே."

"முன்னாடியேவா? அப்போ எழுதறவன் எங்க பாப்பான்? அட்டையைப் பாப்பானா, படத்தைப் பாப்பானா?"

அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

ஸ்டுடியோவில் சனி ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு படத்துக்குச் சோதனைக் காட்சி இருக்கும். படம் எடுத்தவர்களும் ஸ்டுடியோ ஆட்களும் அரங்குக்குள் உட்காரக் கூடாது என்பது நாலாவது விதி. தலைவராக இருந்த காலம் முழுக்க அவள் தன் அறையில் காப்பி குடித்துக்கொண்டே எண்ணுக்காகக் காத்திருந்தாள். அன்று மதியம் பின்படிக்கட்டு வழியாக ஏறி, படம் ஓட்டுகிற அறைக்குள் நுழைந்தாள். ஆபரேட்டர் பழைய ஆள், எழுந்து நின்று இடம் கொடுத்தார். சின்னக் கண்ணாடித் திறப்பு வழியாகத் திரையைப் பார்க்காமல் தலைகளைப் பார்த்தாள்.

முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது பக்கக் கதவு திறந்தது. அட்டைக் கட்டோடு நாலு பேர் வந்தார்கள். முதல் வரிசை குனிந்தது, இரண்டாம் வரிசை குனிந்தது. யாரோ கைபேசி வெளிச்சத்தை அட்டைமேல் அடித்தார்கள், யாரோ பென்சிலைத் தவறவிட்டு இருக்கைக்கு அடியில் தடவினார்கள். திரையில் யாரோ யாருக்காகவோ உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

"எப்பவும் இப்படித்தானா?" என்றாள்.

"எப்பவும் இப்படித்தான் மேடம். நான் வந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு, அன்னைலேருந்து."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே மேடம்" என்றார் அவர், மிக மரியாதையாக.

எல்லாம் விளங்கிவிட்டது. சண்டையும் சத்தமுமாக முடிகிற படங்கள் தப்பித்துக்கொண்டன, குனிந்திருந்தாலும் காதில் விழுமே! அமைதியாக முடிந்த படங்கள் எல்லாம் செத்தன. ஜனங்களுக்கு அமைதி பிடிக்காது என்று அவள் மேடை போட்டுப் பேசியிருக்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தோடு சேர்ந்து கோபமும் வந்தது, முழுக்கத் தன்மேலேயே. வீட்டுக்குப் போய் அழுது தீர்த்துவிட்டுத் தூங்கலாம்தான். ஆனால் பத்து நாளில் ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் எடிட்டிங் அறைக்குப் போனாள். சோப்பு டைரக்டர் தனியாக உட்கார்ந்து அந்த மடிப்புக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னாள். ஷரத்து சம்பிரதாயம் இல்லை என்பதையும் சேர்த்துத்தான்.

அவர் காட்சியை நிறுத்தினார். "அப்போ என் முதல் படம்?"

"அதுவும்தான். பாக்காமயே எழுதியிருக்காங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம், நீங்க முடிவை வெட்டினதுகூட எனக்குப் பெரிசில்ல. நீங்க சொன்னதை நான் நம்பிட்டேன். எனக்கு முடிக்கத் தெரியாதுன்னு பதினாறு வருஷம் நம்பிக்கிட்டிருந்தேன். சோப்பு விளம்பரம் முப்பது செகண்ட்தான், அதுக்கு முடிவு வேண்டியதில்ல பாருங்க. அதனாலதான் அங்க போனேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல. முடிவுல கை வைக்க விடமாட்டேன். இப்போ அதை மட்டும் சொல்றேன்."

"எத்தனை பேருக்கு இப்படி ஆச்சு?"

"இனிமேதான் எண்ணணும்" என்றாள்.

பதினொரு மணிக்குத் தம்பியின் அறையில் இருந்தாள். அந்த மேஜையின் இந்தப் பக்கத்தில் அவள் உட்காருவது அதுவே முதல் தடவை. இந்தப் பக்க நாற்காலி கொஞ்சம் தாழ்வாக இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேண்டுமென்றே அப்படி வாங்கிப் போட்டவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பி கேட்டு முடித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, உங்களுக்கு நான் இன்னொரு காட்சி தர்றேன். ஆனா தப்பு என்னன்னு எழுதித் தரணும், அதுதான் முறை. புரொஜெக்டர்ல கோளாறுன்னு எழுதிடலாம். நான் கையெழுத்துப் போட்டுடறேன். கதை முடிஞ்சுது."

"ஏழாம் விதி?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வேற ஒருத்தன் படத்தை இருட்டுல வெச்சு எழுதுவாங்க. அது பரவாயில்லையா?"

"அக்கா, நல்லா யோசிங்க. இந்த ஏழாம் விதியாலதான் நீங்க நீங்களா ஆனீங்க. அதை நம்பி முப்பத்தோரு படத்துக்கு முடிவை மாத்தியிருக்கோம். அதுல ஏழு, நான் இந்த நாற்காலிக்கு வந்தப்புறம். அதெல்லாம் தப்புன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஊர் பூரா உங்களைக் காறித் துப்பும். என்னையும் சேர்த்துத்தான். பூசி மெழுகிட்டுப் போறதுக்கு வழி சொல்றேன், வேணாங்கறீங்க."

அவன் கெட்டவன் இல்லை. அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தான். அவளுக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் சேர்த்த பெயரை ஒரு காகிதத்தில் கொட்டிவிட யாருக்கு மனசு வரும்? ஆனால் புரொஜெக்டர் கோளாறு என்று எழுதினால் ஆபரேட்டர் தலையில் விடியும். பேசாமல் இருந்தால் அடுத்த முப்பத்தோரு பேர் தலையில் விடியும். வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தாள். ஏழாம் விதியை எழுதியவள் நான். அதனால் ஜனங்கள் முடிவைப் பார்க்காமலே முடிவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நூறு அட்டையாவது வரணும்க்கா. இல்லேன்னா செல்லாது. விளக்குப் போட்டப்புறம் குடுத்தா யாரு நின்னு எழுதப்போறா?"

"அது என் கவலை."

வியாழக்கிழமை மதியம் மறுபடி இருநூறு பேர். கடைசிப் பன்னிரண்டு நிமிடம் ஒரு கதவும் திறக்கவில்லை. விளக்கு எரிந்ததும் பழையபடி ஜனங்கள் வாசலுக்குப் பாய்ந்தார்கள். அவளும் வாத்தியாரும் சோப்பு டைரக்டரும் ஆளுக்கொரு கதவில் அட்டையோடு நின்றார்கள். வாத்தியார் கதவில் யாரும் தப்ப முடியவில்லை. "எழுதிட்டுத்தான் வெளிய போகணும்" என்ற அந்தக் குரலுக்கு மீசை வைத்தவர்கள்கூடக் கைகட்டி வரிசையில் நின்றார்கள். டைரக்டருக்கு வெட்கம், நீட்டிய கையை யாரும் கவனிக்கவில்லை. எழுபத்து நாலு அட்டை சேர்ந்தபோது மண்டபம் காலியாகிவிட்டது.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். ஐம்பத்தேழு வயது முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்றது. கிளம்பிய காரின் கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு சக்கர வண்டிகளுக்கு முன்னால் குறுக்கே போய் நின்றாள். "ஒரு நிமிஷம்ப்பா, ஒரே நிமிஷம். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே எழுதுங்க, ஆனா எழுதுங்க!" பைத்தியம் என்று நினைத்து ஒருவர் ஹாரன் அடித்தார். ஒரு பெண் வண்டியை அணைத்துவிட்டு, காரின் மேல் அட்டையை வைத்து எழுதினாள். எழுதி முடித்துக் கொடுக்கும்போது, "என் அக்காவுக்கு இப்போ போன் பண்ணப்போறேன்" என்றாள். பின்னாலேயே டைரக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார், வெட்கத்தை எங்கோ விட்டுவிட்டு. வெளிவாயில் வரைக்கும் இருவரும் ஒரு வண்டியையும் விடவில்லை.

நூற்றுப் பதினேழு அட்டைகள். தம்பி தன் கையாலேயே இரண்டு தடவை எண்ணினான். நூற்றுக்கு அறுபத்தாறு. எழுந்து வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முடிவு அப்படியே நிற்கும், படம் அப்படியே வெளிவரும். டைரக்டர் ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் மறுபடி வந்துவிட்டாள்.

"இன்னும் என்னக்கா? ஜெயிச்சாச்சே!"

"அந்த முப்பத்தோரு படம். எடுத்தவங்க பேரும் நம்பரும் குடு. எனக்கு நேர்ல ஒருத்தர்கிட்டதான் சொல்ல முடிஞ்சுது."

தம்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியலை எடுத்துக் கொடுத்தான். சாவிக் கடை மாடிக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அழுத்தினாள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய படம். எடுத்தவர் இப்போது வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி நடத்துகிறாராம். யார் என்று சொன்னதும் மறுமுனை சில்லிட்டுப் போனது. என்ன விஷயம் என்று மட்டும் கேட்டார். சொன்னாள். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வாக்கியமெல்லாம் மறந்துபோக, தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள்.



"அப்போ அவங்க பாக்கவே இல்லையா?"

"பாக்கவே இல்ல சார். குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தாங்க."

"இருங்க, இருங்க, வெச்சுடாதீங்க." போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிடுகிறார். அடுப்பை அணைச்சுட்டு வா, உடனே வா, பிள்ளைங்களையும் கூப்பிடு என்கிறார். காலடிச் சத்தங்கள், நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அந்தக் குரல் மறுபடி கிட்டே வந்தது.

"மேடம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். என் வீட்டுல எல்லாரும் இருக்காங்க. இப்போ என்கிட்ட சொன்னீங்களே, அதை மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னாள்.